அஞ்சல் கட்டு முதல் கைப்பேசி வரை: பல்கலைக்கழகப் பாடங்களைத் தேடிக் கண்டடைதல்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

அறிவியல், தொழில்நுட்பம், கலையியல் ஆகிய துறைகளில் பல்கலைக்கழகங்கள் இணையவழி நடத்தும் பாடங்களை நம் பிள்ளைகள் எவ்வாறு தேடிக் கண்டடைவது என்பது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். நாம் கணினி வல்லுநர் அல்லர், பி.ஏ., பி.எட். பயின்று அரசுப் பள்ளியில் பணியாற்றும் தலைமையாசிரியர். ஆகவே இதனை வல்லுநர் ஒருவரின் உரையாகக் கொள்ளாமல், ஒருமுறை தவறிழைத்து, அதன் பின்னர் கற்றுக்கொண்ட ஒருவரின் உரையாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

கல்வியைத் தேடிச் செல்வது நமக்குப் புதிதன்று. இந்த மாவட்டத்தில், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-ஆம் ஆண்டு பிறந்த சுவாமி சகஜானந்தர் சிதம்பரம் சென்று, 1916-இல் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1913-இல், அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையைக் கொண்டு கடல் கடந்து நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். அந்நாளில் பல்கலைக்கழகம் ஓரிடத்தில் இருந்தது. கற்க விரும்பியவர் அதனிடம் செல்ல வேண்டியிருந்தது. செல்ல வழியற்றோர் வாளாவிருந்தனர்.

பின்னர்ப் பல்கலைக்கழகம் சற்றே அசைந்தது. 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அவ்வழியில் வந்தன. 1985-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. கூலி வேலைக்குச் சென்றுகொண்டே பட்டம் பெறலாம் என்னும் நிலை நம்மவர்க்கு அப்போதுதான் வாய்த்தது.

நாமும் அவ்வாறே பி.ஏ. பயின்றோம். அந்நாளில் பாடங்கள் பழுப்பு நிறத் தாளில் கட்டாக அஞ்சலில் வரும். ஆனால் அஞ்சல்காரர் எங்கள் குடியிருப்புக்குள் கால் வைக்கமாட்டார். ஊர்த்தெருவில் இருந்த பெட்டிக்கடையில் கட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். நாம் கடைக்கு வெளியே நின்று குரல் கொடுப்போம். கடைக்காரருக்கு ஓய்வு வாய்க்கும்போது கட்டு நம் கைக்கு வரும். ஒருமுறை தேர்வுக்குப் பத்து நாட்களே இருந்த வேளையில், பொருளியல் பாடக் கட்டு மூன்று வாரமாக அக்கடையின் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் கிடந்ததைக் கண்டோம். பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது, அஞ்சல் கொணர்ந்திருந்தது, கடைசி இருநூறு அடி தூரத்தைத்தான் அந்தப் பாடத்தால் கடக்க இயலவில்லை.

இதனை ஈண்டு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இன்று பாடம் அந்தப் பெட்டிக்கடையில் நிற்பதில்லை. எவருடைய வாசலையும் மிதிக்காமல் நேரே நம் பிள்ளையின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை உலகோர் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடுவதாக 2001-இல் அறிவித்தது. நம் நாட்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூடி, 2003-இல் என்பிடெல் என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2012-இல் கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய தளங்கள் தோன்றின. 2017 ஜூலை 9 அன்று ஸ்வயம் என்னும் தளத்தை அந்நாளைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்தார். 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பையே தொடங்கிற்று.

எனில், நம் பிள்ளைகள் யாவரும் இவற்றைப் பயன்கொண்டு உயர்ந்துவிட்டனரா? இல்லை. அந்தக் கடைசி இருநூறு அடி இன்றும் இருக்கிறது. அதன் உருவம் மட்டுமே மாறியிருக்கிறது. எது உண்மையான பாடம், எது போலி, எது தனக்கு உரியது எனச் சொல்வதற்கு அருகில் ஒருவர் இல்லாமைதான் இன்றைய இருநூறு அடி. இதனை நாம் நூலிலிருந்து அறிந்தோமில்லை. எம்மால் நேர்ந்த ஒரு தீங்கிலிருந்து அறிந்தோம்.

2021-ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலம். செங்கம் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து எம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தார். தந்தை கல் உடைப்பவர். தாய் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். ஒருநாள் தாயும் மகளும் பள்ளிக்கு வந்து, பளபளப்பான தாள் ஒன்றை எம்மிடம் நீட்டினர். இணையவழியே பொறியியல் பட்டம், வீட்டிலிருந்தே படிக்கலாம், முதல் தவணை பதினெட்டாயிரம் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரையும் இருந்தது. நாம் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஆங்கிலம் நன்றாக இருந்தது. முத்திரை பெரிதாக இருந்தது. "சேரலாம் என்றுதான் தோன்றுகிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அத்தாய் தம் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஓராண்டு கடந்த பின்னரே, அப்படிப்புக்கு எவ்வித ஏற்பும் இல்லை என்பது தெரியவந்தது. பணம் திரும்ப வரவில்லை. அவர்கள் எம்மைக் குறை கூறவும் இல்லை. அத்தாய் ஒன்றே சொன்னார்: "நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம், சார்." முப்பதாண்டு ஆசிரியப் பணியில் அதனினும் கடுமையான சொல் எம் செவியில் விழுந்ததில்லை. கடைக்காரர் பாடக் கட்டை மூட்டைக்குப் பின்னால் போட்டு வைத்தார். நாமோ, படித்தவர் என்ற பெயரைச் சுமந்துகொண்டு, அறியாமையை அறிவுரையாக வழங்கினோம். இரண்டினுள் எது பெருந்தீங்கு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அன்றிலிருந்து நாம் கற்றவற்றை இனி முறையாகச் சொல்கிறோம்.

முதலாவதாக, கற்றல் வேறு, சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதே ஏமாறுவதற்கு முதற்படி. ஸ்வயம் தளத்தில் ஒரு பாடத்தில் சேர்வதற்கும், விரிவுரைகளைக் கேட்பதற்கும் கட்டணம் இல்லை, இது கற்றல். தேர்வு எழுதித் தேறினால் தரப்படுவது சான்றிதழ். அதற்கு மட்டுமே கட்டணம். என்பிடெல் பாடங்களில் இது ஆயிரம் ரூபாய் அளவில் இருந்துவருகிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர்க்குச் சலுகையும் உண்டு. பட்டம் என்பது பல்கலைக்கழகமும், சட்டத்தால் அவ்வதிகாரம் பெற்ற நிறுவனமும் மட்டுமே வழங்கத் தக்கது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம், இணையவழியிலும் தொலைநிலையிலும் எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை நடத்தலாம் என்பதைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அப்பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகப் படிப்புக்கு ஒரு காசும் கட்டலாகாது.

இன்னுமொன்றை ஊன்றிக் கேளுங்கள். பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை, சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளை முழுமையும் இணையவழிப் பட்டமாகவோ தொலைநிலைப் பட்டமாகவோ நடத்துவதற்கு மானியக் குழு இசைவு தருவதில்லை. பல்கலைக்கழகங்கள் தம் படிப்புகளை முகவர்களிடம் குத்தகைக்கு விடுவதையும் அதன் விதிகள் தடுக்கின்றன. எவரேனும் வீட்டு வாசலுக்கு வந்து, "இணையத்திலேயே பொறியியல் பட்டம்" என்பாராயின், அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தியை நாம் 2021-இல் அறிந்திருந்தால், ஒரு தாயின் காதுத் தோடு அவரிடமே இருந்திருக்கும்.

இரண்டாவதாக, எங்கே தேடுவது? இணையத்தில் பொதுவாகத் தேடினால் விளம்பரம் கொடுத்தவனே முன்னே வந்து நிற்பான். ஆகவே முதலில் ஸ்வயம் தளத்துக்குச் செல்க. அதன் முகவரி அரசுக்குரிய 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகின்றதா எனப் பார்த்துக்கொள்க. அங்கே ஒன்பது அமைப்புகள் பாடங்களைப் பகிர்ந்து நடத்திவந்துள்ளன. பொறியியலும் அறிவியலும் பெரும்பாலும் என்பிடெல் வழியே வருகின்றன. தொழில்நுட்பம் சாராத இளங்கலைப் பாடங்களுக்குக் கல்வித் தொடர்பியல் கூட்டமைப்பும், மேலாண்மைக்குப் பெங்களூரு ஐ.ஐ.எம். நிறுவனமும், ஆசிரியர் பயிற்சிக்குச் சென்னை தரமணியிலுள்ள தேசிய நிறுவனமும் பொறுப்பேற்றன. எத்துறையை எவர் நடத்துகின்றனர் என்று அறிந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். உலகப் பல்கலைக்கழகங்களின் பாடங்களைத் துறைவாரியாகத் தொகுத்துக் காட்டும் கிளாஸ் சென்ட்ரல் என்னும் பட்டியல் தளமும் 2011 முதல் இயங்கி வருகிறது. நூலகத்தில் அட்டவணையைப் புரட்டுவது போல அதனைப் புரட்டலாம்.

அறிவியலில் ஆர்வமுடைய பிள்ளை, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் விரிவுரைகளை என்பிடெல் வழியே கேட்கலாம். அதே ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய ஆர். சங்கர் முதலாண்டு மாணவர்க்கு நடத்திய இயற்பியல் வகுப்பை அப்பல்கலைக்கழகமே பொதுவில் வைத்துள்ளது. கணிதத்தில் எம்.ஐ.டி. பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் உலகெங்கும் கேட்கப்படுகின்றன.

தொழில்நுட்பத்தில், கணினியைத் தொட்டறியாதவரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ். ஐம்பது என்னும் தொடக்கப் பாடத்தில் இறங்கலாம். பட்டமே வேண்டுவோர் சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் படிப்பை எண்ணலாம். அதற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டுவதில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் பயின்று, பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவில் தேறியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வை நேரில் எழுதித் தேற வேண்டும். பட்டியலினத்தவர்க்கும் குறைந்த வருவாய்க் குடும்பத்தார்க்கும் 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. இடையில் நிற்க நேர்ந்தால், முடித்த படிநிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ பெற்று வெளியேறவும் வழி உண்டு.

கலையியலை நம்மவர் புறந்தள்ளுவதை நாம் வருத்தத்தோடு காண்கிறோம். வேலைவாய்ப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் நம் வாழ்வு ஏன் இவ்வாறு அமைந்தது என வினவக் கற்பிப்பவை வரலாறும் மெய்யியலும் பொருளியலுமே. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் 'நீதி' குறித்த வகுப்புகள் இணையத்தில் உள்ளன. தமிழியலுக்கு, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் பாடங்களும் மின்நூலகமும் இருக்கின்றன. அண்ணல் 1936-இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலைக் கற்பதற்குரிய குறிப்புகளோடு, கொலம்பியா பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கங்களில் வைத்திருக்கிறது. 1913-இல் அவர் கடல் கடந்து தேடிச் சென்ற அதே பல்கலைக்கழகம், இன்று அவருடைய நூலை நம் பிள்ளைக்குக் கற்பிக்க முன்வந்து நிற்கிறது!

மூன்றாவதாக, எப்படித் தேர்ந்தெடுப்பது? பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டா. நான்கு வினாக்களை எழுப்புக. இப்பாடத்துக்கு முன்னர் நான் அறிந்திருக்க வேண்டியது யாது? எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி? எம்மொழி, தமிழில் எழுத்துவடிவம் கிடைக்குமா? முடித்தால் என் கல்லூரி மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளுமா? என்பிடெல் பாடங்கள் பலவற்றின் உரைகள் தமிழில் பெயர்க்கப்பட்டுள்ளன என்பது பலர் அறியாத செய்தி. மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிப்படி, கல்லூரிகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏற்பது கல்லூரியின் முடிவு. ஆதலின் சேருமுன் துறைத்தலைவரைக் கேட்டறிதல் நன்று. இவ்வளவுக்கும் பின்னர், முதல் இரண்டு விரிவுரைகளைக் கேட்டுப் பார்த்தே முடிவு செய்க.

இதுகாறும் கண்டடைவதைப் பற்றிச் சொன்னோம். கண்டடைவதினும் அரிது, முடிப்பது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களை ஆராய்ந்த இருவர், 2019-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 2017-18-இல் சேர்ந்தவருள் நூற்றுக்கு மூவரே முடித்திருந்தனர். சான்றிதழுக்குப் பணம் கட்டியவருள் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் முடித்தனர். கற்பவரிற் பெரும்பாலோர் வசதி படைத்த நாடுகளைச் சேர்ந்தவர் என்பதையும் அக்கட்டுரை காட்டிற்று. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எமது நிலையும் அதுவே. அம்மாணவியின் நிகழ்ச்சிக்குப் பின்னர், பிறருக்குச் சொல்லுமுன் நாமே ஒரு பாடத்தைப் பயின்று பார்ப்போம் என்று, ஆசிரியர்க்குரிய எட்டு வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்தோம். ஐந்தாம் வாரத்தில் நின்றுவிட்டோம். ஆங்கிலம் விரைந்து சென்றது. ஐயம் கேட்க ஆளில்லை. நாள் முடிந்தால் உறக்கம் வந்தது. மறுபருவத்தில் உடன் பணிபுரியும் ஆசிரியர் இருவரைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை பள்ளி முடிந்த பின் அமர்ந்து படித்தோம். மூவரும் தேறினோம். பாடம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, துணை வந்தது, அவ்வளவே.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் இச்சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை வாரம் இருமுறை மாலையில் இணையவழிப் படிப்புக்கென ஒதுக்குக; ஒரு கணினியும் தடையில்லா இணைப்பும் போதும். இரண்டு, ஒரே பாடத்தில் ஐவரையேனும் சேர்த்துவிடுக. தனியே ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டா. மூன்று, தேர்வுக் கட்டணத்துக்கும், தேர்வு மையம் உள்ள ஊருக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவுக்கும் சிறு நிதி ஒன்றை அமைத்திடுக. நான்கு, எந்தப் பெற்றோரும் எந்தப் படிப்புக்கும் பணம் கட்டுமுன் இங்கு வந்து காட்டிச் செல்லும் வழக்கத்தை உண்டாக்குக. காட்டுபவரின் பெயரையும், நாம் சொன்ன விடையையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போம். எழுதி வைத்தால், "தோன்றுகிறது" என்று சொல்லி அனுப்பக் கை கூசும்.

இடையில் நின்றவரை இகழவும் வேண்டா. உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் அண்ணல் அம்பேத்கரே 1917-இல் இலண்டன் படிப்பை நடுவில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் ஆசிரியப் பணி செய்து பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் சென்றார், 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவதும் கல்வியே.

அம்மாணவி என்ன ஆனார் என அறிய நீங்கள் விழைவீர்கள். செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை பயில்கிறார். இம்முறை ஏற்புப் பட்டியலை நாமும் அவரும் ஒன்றாக அமர்ந்து, வரிவரியாகப் பார்த்த பின்னரே பணம் கட்டினார். தொழிற்சாலைப் பேருந்தில் போகவர ஆகும் நேரத்தில், காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு விரிவுரை கேட்பதாகச் சொன்னார். அடகு வைத்த தோடு மூழ்கிப்போயிற்று. அதனை எவராலும் மீட்டுத்தர இயலவில்லை.

2023 ஜனவரி 30 அன்று, நம் மாவட்டத்துத் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக அடைபட்டிருந்த கோயில் வாசலுக்குள் நம் மக்கள் முதன்முறையாக நுழைந்தனர். அன்று அவ்வாசலைக் கடக்க அரசு அலுவலரும் காவலரும் உடன் வர வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தின் இணைய வாசலில் காவல் இல்லை. நுழைபவரின் தெருவை அது கேட்பதும் இல்லை. ஆயினும், உள்ளே வழி தெரியாமல் பிள்ளைகள் திரும்பிவிடலாகாது. அவ்வழியில் முதல் சில அடிகள் உடன் நடப்பதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்தாண்டுப் பணியாகுக என வேண்டி அமைகிறோம்.